மடி

செல்லம்பட்டி மருந்தகத்து வாசலில்
காலை ஏழே காலுக்கு எடுத்த படம்.
கலப்பின ஜெர்சி, இரண்டாம் ஈற்று.
இடது பின்காம்பு சிவந்து
மடி ஒருபுறமாய்க் கல்லாகியிருந்தது.
தொட்டால் சுட்டது.
பீய்ச்சிய பாலில் திரிதிரியாய்த் தயிர்.

கீழே எழுதினேன்:
மடிநோய். இப்படிக் கண்டால் அன்றே ஓட்டி வாருங்கள்.
வரும்வரை கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துப் பூசுங்கள்.
முற்றவிட்டால் மாடு மடியும்.

ஆறு நிமிடம் இருந்தது.

படம் ஆபாசமாம், எடுத்துவிட்டார்கள்.
எழுத்தையும் எடுத்தார்கள், அதற்கு வேறு காரணம்.
'நீங்கள் தனியாக இல்லை' என்று
ஓர் உதவி எண் வந்தது எனக்கு.
கடைசி வரியைப் படித்துவிட்டு
நான் சாகப்போவதாக நினைத்திருக்கிறார்
யாரோ.
அல்லது நினைத்திருக்கிறது எதுவோ.

முதலில் கோபம்கூட வரவில்லை.
பிள்ளை உறங்குவதும் மடி.
கனமிருந்தால் வழியில் பயம் தருவதும் மடி.
உசிலம்பட்டிச் சந்தையில் கிடாய் விற்ற காசை
ஒச்சம்மா செருகிவைப்பதும் மடிதான்.
இதையெல்லாம் யார் போய்
அதற்குச் சொல்லியிருப்பார்கள்?

மேல்முறையீடு என்றொரு பொத்தான் இருந்தது.
'இது மாடு' என்று எழுதினேன்.
அதற்கு மேல் என்ன எழுத?
நாலு நொடியில் பதில்:
கவனமாகப் பரிசீலித்தோம்,
முடிவில் மாற்றமில்லை,
முப்பது நாள் நீங்கள் எதுவும் பதிவிட முடியாது.

அந்த முப்பது நாளும்
கருமாத்தூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன்
அரிவாளைத் தோளில் சாய்த்து
மெதுவாக, மிக மெதுவாக
நடந்து வந்துகொண்டே இருந்தான் என் திரையில்.
அவனுக்கு யாரும் உதவி எண் அனுப்பவில்லை.

பத்தொன்பதாம் நாள் ஒச்சம்மா வந்தாள்,
கால்வாய்க் கரையோடு
பசுவை நடத்திக்கொண்டு.
பார்த்ததுமே தெரிந்தது. நாலில் ஒன்று போச்சு.

"நீ போன்ல போடுவியேன்னு
தெனமும் பார்த்தேன்மா.
ஒண்ணும் வரல.
சூட்டுக்கட்டிதான்னு விட்டுட்டேன்."

நடந்ததைச் சொன்னேன்.
மாட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
"அப்ப படம் பிடிக்கையில
அதுக்குச் சேல கட்டிவிடணுமாக்கும்?"

சிரித்தோம்.
அவள் கை மட்டும்
அந்தக் காம்பை விடவில்லை.
ஒன்றும் வராது என்று தெரிந்தும்
உருவிக்கொண்டே இருந்தது.

தடை முடிந்த அன்று
வேறொரு மாடு, அதே நோய்.
மடியைச் சுற்றி என் நீலத் துண்டைக் கட்டிப்
படம் எடுத்துப் போட்டேன்.
அப்படியே இருக்கிறது, யாரும் தொடவில்லை.

நூற்றுப் பதினேழு பேர் விரும்பியிருக்கிறார்கள்.
'லட்சணமான மாடு' என்கிறார் ஒருவர்.
'என்ன விலை?' என்று கேட்கிறார்
வாடிப்பட்டியிலிருந்து இன்னொருவர்.