பாதிப் பஞ்சு

கோப்பைகளைப் பங்கிட்டு முடித்தபோது மணி நாலு.
போருபாவில் டிசம்பர் மாதத்து நாலு மணி என்றால்
இருட்டு.
மேசை விளக்கு அவளுக்கு, ரேடியோ எனக்கு.
தையல் மிஷினை இருவருமே வேண்டாமென்றோம்.
கோட்டுக்குள் ஒரு கையை நுழைத்தபடி யித்கா கேட்டாள்:
"ஃபில்டர் பஞ்சில் பாதி தருவாயா?"

மீன்கள் என்னோடுதான் என்று முன்பே தீர்ந்திருந்தது.
ஒஸ்ட்ராவாவின் மறுகோடியில்
அவள் பிடித்திருக்கும் ஒற்றை அறையில்
இருபது லிட்டரில் ஒரு சின்னத் தொட்டி.
துடைத்த கண்ணாடி, பளிங்குத் தண்ணீர்,
உறை பிரித்த புதுப் பஞ்சு.
அவ்வளவு சுத்தத்தில்
எந்த மீனும் நீடிக்காது.
அதன் கழிவே அம்மோனியாவாகி
அதன் செவுளையே சுடும்.
அழுக்கைத் தின்று வாழும் கண்காணா உயிர்கள்
முதலில் குடியேற வேண்டும்.
அவை கடையில் கிடைக்காது,
புட்டியில் அடைத்து விற்கும் ஓல்ட்ரிஹ்
என்னதான் சத்தியம் செய்தாலும்.

மோட்டாரை அணைத்தேன்.
ஒன்பது வருடத்தில் அந்த வீடு
அப்படி வாயடைத்துப் போய் நான் கேட்டதில்லை.
பழுப்பேறிக் கொழகொழத்த பஞ்சைப் பலகையில் வைத்து
ரொட்டிக் கத்தியால் அறுத்தேன்.
கஷாய நிறத்தில் வழிந்தது.
உருளைக்கிழங்கு மூட்டையின் அடிவாசம்.
"பெரிய பாதி உனக்கு" என்றேன்.
"பாதியில் என்ன பெரிசு" என்றாள்.

அவளுடைய சாப்பாட்டு டப்பாவில் வைத்து
தொட்டித் தண்ணீரையே மேலே ஊற்றினேன்.
"காயவிடாதே.
அலசுவதென்றால் தொட்டித் தண்ணீரில் மட்டும் அலசு.
குழாயடியில் மட்டும் காட்டிவிடாதே,
ஒரு ஊரே செத்துப்போகும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

மூன்றாம் வருடம், இதே டிசம்பர்.
காலையில் பன்னிரண்டு நியான் டெட்ராக்கள்,
நீலக்கோடு வெளுத்து,
ஜாவாப் பாசியில் சிக்கிக் கிடந்தன.
அப்போதெல்லாம்
காலை ஏழுக்கு நான் தீனி போடுவேன்,
இரவு ஒன்பதுக்கு அவள்.
சில நாள் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர்
நடுவிலும் ஒரு சிட்டிகை.
மீன்கள் யாரையும் காட்டிக்கொடுத்ததில்லை.
மூன்று நாள் பட்டினி மாதிரி
கண்ணாடியில் வாயை ஒட்டி நடித்தன.
அதனால் சுலபமாக இருந்தது.
"நீதான் அதிகமாகப் போட்டுவிட்டாய்" என்றேன்.

அன்றிலிருந்து ஆறு வருடம்
உள்ளங்கையில் பரப்பி
செதில் செதிலாக எண்ணிப் போட்டாள் யித்கா.

அந்தச் சாவுக்கு நாலு நாள் முன்
வெந்நீர்க் குழாயின் கீழே
பஞ்சை வெளுக்கும்வரை பிழிந்த கை
இப்போது டப்பாவின் மூடியை அழுத்திக்கொண்டிருந்தது.
ஒரு மூலை மூடிக்கொண்டால்
மறுமூலை திறந்துகொண்டது.

அவள் குழாயைப் பார்த்தாள். பிறகு கையை.
"பன்னிரண்டு" என்றாள்.
வேறெதுவும் சொல்லவில்லை.
டப்பாவை வாங்கி ஒரே அழுத்தில் மூடினாள்.
எட்டாம் நம்பர் டிராமில்
மடியில் குழந்தையைப் போல இல்லை,
பக்கத்து இருக்கையில்,
யாரோ விட்டுப்போன பொருள்போல வைத்துக்கொண்டு
போவதை ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

ஐந்து வாரம் கழித்து ஒரு போட்டோ வந்தது.
சோதனைக் குழாயில் வெளிர்நீலம்:
நைட்ரைட் இல்லை.
கீழே ஒரு வரியும் இல்லை.
நான் பெரிதாக்கிப் பார்த்தேன்.
குழாயைப் பிடித்த கட்டைவிரல், பின்னால் மேசை விளக்கு,
தொட்டி எங்கோ வெளியே.

இங்கே மிச்சப் பஞ்சோடு
புதுத் துண்டொன்றைச் சேர்த்துச் சொருகியிருக்கிறேன்.
அது இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது.
பாதிப் பஞ்சு பாதித் தீனியைத்தான் தாங்கும்.
காலை ஏழு மணி போதும்.

ஒன்பதுக்கு அவை
இடதுமூலைக்கு வந்துவிடுகின்றன,
அடியில் மேயும் கோரிடோராஸ் உட்பட.
விளக்கை அணைக்க வேண்டும்.
அணைக்கிறேன்,
இன்னும் கொஞ்ச நேரத்தில்.