இரவல் நிழல்

எங்கள் சுவருக்கும்
லூர்து இல்லத்தின் சுவருக்கும் நடுவே
நாலரை அடி.
மே மாதத்தில்கூட வெயில் அங்கே
பதினொன்று ஐம்பதுக்கு வந்து
பன்னிரண்டேகாலுக்குப் போய்விடும்,
மீட்டர் பார்க்க வந்தவர் போல.
மீதி நேரமெல்லாம் நிழல்.
மாடிவீட்டு ஏசி சொட்டும் நிழல்.
பாசியும் பூரானும்
உடைந்த ஃபிளஷ் டேங்கும் குடியிருந்த நிழல்.
பெரம்பூரில் இந்த வாடகைக்கு
இதற்கு மேல் தோட்டம் கிடைக்காது.

கூரியரில் வந்தது கிழங்கு.
உறையின் மேல் படம்:
வளைந்த காம்பில் வரிசையாய்த் தொங்கும்
ரோஸ் நிற இதயங்கள்,
ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வெள்ளைச் சொட்டு.
உள்ளே இருந்ததோ
சுக்குத் துண்டு மாதிரி ஒன்று.

அதற்குக் குளிர்காலம் வேண்டுமாம்.
ஆறு வாரம்.
சென்னையில் குளிர்காலம் என்பது
ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டு.
ஈர மணலில் பொதிந்து, டப்பாவில் அடைத்து,
மாவுப் பாத்திரத்தை நகர்த்தி இடம் பண்ணினேன்.
'இது இஞ்சி இல்லை. விஷம்'
என்று மூடியில் எழுதி ஒட்டினேன்.
கஸ்பார் படித்துவிட்டு
ஒரு வாரம் ஃபிரிட்ஜையே திறக்கவில்லை.
கரண்ட் போன இரவுகளில் எழுந்துபோய்
கதவைத் தொட்டுப் பார்ப்பேன்,
குளிர்காலம் இன்னும் மிச்சமிருக்கிறதா என்று.

போகிப் புகை அடங்கிய வாரம் நட்டேன்.
இருபதாம் நாள் முளை.
கொத்தமல்லியைக் கொஞ்சம் பெரிதாக வரைந்தது போல் இலை.
யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.
தண்ணீர் லாரிக்காரரிடம் சொன்னேன்.
"பூ வருமா?" என்றார்.
"வரும்" என்றேன்.

மார்ச்சில் மஞ்சளடித்தது.
மீன்காரியிடம் ஐஸ் வாங்கித்
தொட்டியைச் சுற்றி அடுக்கினேன்.
தொட்டியெல்லாம் வஞ்சிர வாடை.
பூனைகள் வந்தன.

கோடையில் அது சாகாது,
மண்ணுக்குள் இறங்கித் தூங்கும் என்று படித்திருந்தேன்.
ஜூலை வரை காத்திருந்தேன்,
தூங்குகிறது, தூங்குகிறது என்று.
தோண்டியபோது விரலில் ஒட்டியது
வெந்து குழைந்த சேப்பங்கிழங்கு போல ஏதோ.
தூக்கம் எந்த நாளில் முடிந்து
மற்றது எந்த நாளில் தொடங்கியது,
தெரியவில்லை.
தினமும் நான்தான் தண்ணீர் ஊற்றினேன்.

டப்பாவைக் கழுவி இஞ்சி போட்டு வைத்தேன்.
மூடியில் எழுத்து அப்படியே இருக்கிறது.

மாதவரம் நர்சரியில் தில்ஷாத் சிரித்தார்.
"அது ஊட்டியிலேயே மூஞ்சி சுளிக்குமே,
உனக்கு எதுக்கும்மா?
இந்தக் கொடியை எடுத்துட்டுப் போ.
இதுக்கும் பிளீடிங் ஹார்ட்னுதான் பேரு.
அதுக்கும் இதுக்கும் ஒட்டுமில்ல, உறவுமில்ல."

மழைநீர்க் குழாயைப் பிடித்து ஏறியது.
வெள்ளை வெள்ளையாய்ப் பைகள்,
ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு சிவப்பு நாக்கு.
சிவப்பு உதிர்ந்த பிறகும்
வெள்ளை போகாமல் நின்று மெல்ல ஊதா ஆகும்.
இதயம் மாதிரி இல்லவே இல்லை.
சாயம் போகிற சட்டையோடு
ஊறவைத்த கைக்குட்டை மாதிரி என்றான் கஸ்பார்.
சரிதான்.
ஆனால் நான்கு வருடம் நிற்காமல் பூத்தது.

இந்தப் பங்குனியில் லூர்து இல்லத்தை இடித்தார்கள்.
ஜேசிபி மூன்று நாள்.
நான்காம் நாள் காலை ஏழு மணிக்கே வெயில்
சமையலறைக்குள் வந்து நின்றது,
செருப்பைக் கழற்றாமல்.
நாலரை அடிக்குத்தான் வாடகை கொடுத்திருக்கிறேன்.
அதன் மேல் விழுந்த நிழல்
ஒருநாளும் என் கணக்கில் இருந்ததில்லை.
அந்த வீட்டுக்காரர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

மாலைக்குள் மேல் இலைகள்
சுட்ட அப்பளமாயின.
பழைய போர்வையைக் கட்டினேன். காற்று உருவியது.

வியாழனன்று
தூசி எங்கள் பக்கம் வரக்கூடாதென்று
பச்சை வலை கட்ட வந்தார்கள்.
கயிற்றை முடிய இடம் தேடிய பையன்
என் குழாயைக் காட்டி
"தீதி?" என்றான்.
கொடியை ஒரு பக்கமாய் ஒதுக்கிப்
பிடித்துக்கொண்டு நின்றேன்,
அவன் முடிச்சுப் போடும்வரை.

எத்தனை நாளைக்கு என்று சைகையில் கேட்டேன்.
மூன்று விரல் காட்டினான்.
யோசித்து, நான்காவதையும் நிமிர்த்தினான்.
பிறகு தலைக்கு மேலே கையை உயர்த்தி
ஒன்று, இரண்டு என்று
ஐந்து மாடி எண்ணினான்.

பச்சையாய், பொத்தல் பொத்தலாய்
நிழல் இறங்கியது
அவன் முதுகிலும்.