இரண்டாம் தரம்

முதலில் நகத்தால் ஒரு சுண்டு.
நல்ல பீங்கான் கொஞ்ச நேரம் நின்று பேசும்.
ஒட்டவைத்தது ‘டக்’கென்று வாயை மூடிக்கொள்ளும்.
பிறகு சன்னலோரம்:
கோப்பைக்குப் பின்னால் விரல்களைப் பிடித்தால்
நான்கும் நிழலாகத் தெரியவேண்டும்.
தெரிந்தன.
மாட்டெலும்புச் சாம்பல் பாதிக்குப் பாதி கலந்தால்தான்
மண் வெளிச்சத்துக்கு இப்படி வழிவிடும்.
இதைத் திருமதி பங்கயச்செல்வியிடம் சொல்லவில்லை.
வெள்ளிக்கிழமை. வீடெல்லாம் சாம்பிராணி.

ஆயர் ஈத்தாம், பதினான்காவது மாடி.
லிஃப்ட் ஒன்பதோடு நின்றுவிட்டது.
மேசையில் நாளிதழ் விரித்து அடுக்கியிருந்தார்:
கோப்பை ஆறு, தட்டு ஆறு,
பால் குவளை, சீனிக் கிண்ணம், கேக் தட்டு.
“கூஜா வரவே இல்ல தம்பி.
துரை கப்பலேறுறப்ப குடுத்த மங்கு.
எங்க வீட்டுக்காரருக்கு மட்டும்.
பெரிய கிராணியில்ல.”

கவிழ்த்தேன்.
பச்சை முத்திரை, மகுடம், ஊர்ப்பெயர்,
கையால் எழுதிய சிவப்பு எண்.
எல்லாவற்றுக்கும் குறுக்கே
மெருகைக் கிழித்துக்கொண்டு மெல்லிய கீறல்.
பதினைந்திலும் அதே இடம், அதே நீளம்.
தொழிற்சாலைச் சக்கரம் போட்ட கோடு:
கழித்துக் கட்டியது,
சொந்த ஆட்களுக்கு அரை விலைக்குப் போவது.
துரைக்குத் தெரிந்திருக்கும்.
விருந்துக்குப் போன வீட்டிலும்
தட்டைக் கவிழ்த்துப் பார்க்கிறவர்கள் அவர்கள்.

“அது என்ன கோடு?”
“ஆலையில சோதிச்ச அடையாளம்மா.”
பொய்யில்லை. முழுப் பொய்யில்லை.

பூதக்கண்ணாடியோடு விளிம்புகளுக்கு வந்தேன்.
ஐந்து கோப்பைகளில் தங்கம் நேற்றுப் பூசியதுபோல.
ஆறாவதில்
உதடு படும் இடத்தில் ஒரு பிறையளவு இல்லை.
பிடியை வைத்துத் திருப்பிப் பார்த்தேன்:
இடது கையால் குடித்த ஆள்.
உள்ளே, அடியில், தேயிலைக் கறை.
ஒருநாள் இருநாளில் ஏறுகிற நிறமல்ல,
இருபது வருஷமாவது வேண்டும்.

“யாரும் தொட்டதில்ல,” என்றார்.
“அலமாரிச் சாவி எப்பவும் அவரு இடுப்புலதான்.
விருந்தாளி வந்தாக்கூட எடுக்க விடமாட்டாரு.”
அந்த ரகப் பூட்டுக்கு இரண்டு சாவி உண்டு,
நான் நிறைய அலமாரி வாங்கி விற்றிருக்கிறேன்.
சொல்லிக்கொண்டே எனக்குத் தேநீர் ஊற்றினார்,
எவர்சில்வர் தம்ளரில்,
இடது கையால்.

நான் தம்ளரைப் பார்த்தேன்.
அவர் சன்னலைப் பார்த்தார்.
தூரத்தில் மலை ரயில் ஏறிக்கொண்டிருந்தது,
அல்லது இறங்கிக்கொண்டு.

ரசீதில் எழுதினேன்:
கோப்பை ஐந்து. தட்டு ஆறு. மற்றவை மூன்று.
ஓரத்தில், எனக்கு மட்டும் புரிய, ‘இ.த.’
முந்நூற்றைம்பது ரிங்கிட்.
“ஆறுல்ல இருக்கு?”
“அது ஒண்ணு தேறாதும்மா. நீங்களே வச்சுக்கங்க.”

பணத்தை எண்ணவில்லை.
கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.
அலமாரி அந்தப் பக்கம் இல்லை.
குழாய் திறக்கிற சத்தம்.

ஒன்பதாவது மாடி வரை படியில் இறங்கினேன்.
பெட்டிக்குள் ஐந்தும் இடித்துக்கொண்டு
வழியெல்லாம் பேசின.
பதினொன்றாவதில்தான் உறைத்தது,
ஆறாவது தட்டையும் கொண்டுவந்துவிட்டேன்.
நின்று, பிரித்து, வெளிச்சத்தில் திருப்பினேன்.
ஆறு தட்டுகளிலும்
கோப்பை உட்கார்ந்த வளையம் ஒன்றுகூட இல்லை.
தட்டு வைத்துக் குடித்தவரில்லை.
நின்றுகொண்டே குடித்திருக்கிறார்.