நாலு எட்டு

பதினோராம் மாடியில் மலைப்பாம்பு வந்த அன்று
ஒன்பது கதவும் திறந்தன.
மாச்சிக் ரொஹானா துடைப்பத்தோடு,
லிம் துணி காயப்போடும் மூங்கிலோடு,
நான், எதற்கென்றே தெரியாமல், ஒரு தலையணையோடு.
தீயணைப்புக்காரர்கள் சாக்கில் கட்டிக்கொண்டு போகும்வரை
ஒருவரும் உள்ளே போகவில்லை.
செந்தூலில் இப்படி ஒற்றுமையான பிளாட் உண்டா என்று
எல்லாருக்கும் மைலோ வாங்கிக்கொடுத்தவன்
தனபாலன்.

தனபாலன், பக்கத்து வீடு.
என் மோட்டார் மக்கர் பண்ணிய காலையில்
தன் வேலைக்கு நேரமாகியும் தள்ளிவிட்டவன்.
அதைச் சொல்லிவிட வேண்டும்.
அதைச் சொல்லிச் சொல்லித்தான்
மூன்று வருடம் ஓட்டினேன்.

சுவர் மெல்லியது.
நான் காலண்டருக்கு ஆணி அடித்தபோது
அந்தப் பக்கம் பூச்சு உதிர்ந்ததாக
யோகமலர் சிரித்துக்கொண்டே சொன்னாள்.
அப்படியானால் எனக்குக் கேட்கிறது என்பது
அவளுக்கும் தெரியும்.
லிஃப்டில் நாங்கள் இருவரும்
எண்கள் இறங்குவதையே பார்த்துக்கொண்டு நிற்போம்.
அந்தப் புழுக்கத்திலும் அவளுக்கு முழுக்கை.

முதலில் ஒரு நாற்காலி இழுபடும்.
பிறகு அவன் குரல், தாழ்வாக.
பிறகு அவள் குரல் நின்றுபோகும்.
அதுதான் மோசம்,
அலறல் அல்ல.
ரொஹானா வீட்டில் டிவி சத்தம் கூடும்.
லிம் வீட்டு விளக்கு அணையும்.
குடும்பம் குட்டி உள்ளவர்கள் போகட்டும் என்று நான்.
தமிழன்தானே, அவன் போகட்டும் என்று அவர்கள்.
தனியாள், அடுத்தவன் பெண்டாட்டிக்காகக் கதவு தட்டினால்
நாலு பேர் என்ன பேசுவார்கள்?
அந்த நாலு பேரும்
அந்நேரம் போர்வைக்குள் இருந்தார்கள்.

கிள்ளானில் எங்கள் வீட்டுச் சுவரும் இந்தக் கனம்தான்.
அம்மாவின் இரவுகளில்
பக்கத்து வீட்டு ரேடியோ கொஞ்சம் கூடும்.
அந்த மனிதர் நல்லவர், எனக்குப் பலூன் வாங்கித்தருவார்.
எட்டு வயதில்
அப்பாவைவிட அவரைத்தான் அதிகம் வெறுத்தேன்.

ஓர் இரவு சாப்பாடு கொண்டுவந்த பையன்
எண் மாறி அவர்கள் கதவைத் தட்டினான்.
என் நாசி கோரெங்.
உள்ளே சத்தம் நின்றது.
“செபெலா, டிக்” என்றான் தனபாலன்,
அவ்வளவு மரியாதையாக.
பிறகு விடியும்வரை ஒன்றுமில்லை.

அவ்வளவுதானா என்று இருந்தது.
ஒரு தட்டு. யாரோ ஒருவனின் விரல்முட்டி.

அடுத்த முறை நாற்காலி இழுபட்டதும்
போனை எடுத்தேன்.
முகவரி அவர்களுடையது. பெயர் அஸ்மான்.
பதினான்கு ரிங்கிட் ஐம்பது சென்.
போன மாதம் ஆறு தடவை.
ஒருமுறை, காரம் குறைவாக என்று குறிப்பும் எழுதினேன்,
வாய் கிழிந்திருக்குமோ என்று.

சாப்பாடு வர முப்பத்தைந்து நிமிடம்.
என் வாசலிலிருந்து அவள் வாசலுக்கு
நாலு எட்டு.

செவ்வாய்க்கிழமை லிஃப்டில்
எண்களிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:
“நேத்து லேட்டாயிருச்சுண்ணே.”
எது என்று நான் கேட்கவில்லை.
தரைத்தளம் வந்தது.
அவள் இடது காலை இழுத்து நடந்து
பஸ் பிடிக்கப் போனாள்.

இன்று மழை.
கோம்பாக் ஆறு கரையைத் தொட்டுவிட்டதாம்.
நாற்காலி இழுபட்டு இரண்டு நிமிடம் ஆகிறது.
உங்கள் பகுதியில் ஓட்டுநர் எவரும் இல்லை என்கிறது திரை.
மறுபடி அழுத்துகிறேன்.
இல்லை.
மறுபடி.
அவன் குரல்.
அவள் குரல்.
அவள் குரல்

செருப்பைத் தேடுகிறேன்.
கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால்,
குளியலறையில்கூட.
அது வெளியேதான் கிடக்கும்,
என்றைக்கும் வெளியேதான்.
கதவைத் திறந்தால் காலில் படும்.