தெரியுது, தெரியுது

நார்வேயின் வடக்கில் ஜூலைக்கு இரவு கிடையாது.
தூர்கெய்ர் லாரியை நடை வேகத்தில் நகர்த்துகிறான்.
பின்னால் நான்
இருநூறு டிகிரியில் கொதிக்கும் மஞ்சளை
தாரின் நடுவில் இறக்குகிறேன்.
ஆறுவதற்குள் மேலே கண்ணாடி மணிகள் விழ வேண்டும்,
கடுகைவிடப் பொடியாய்.
ஹெட்லைட் பட்டால் திருப்பிப் பார்ப்பவை அவைதான்.
இருட்டே இல்லாத நாளில்
இருட்டுக்காக விதைக்கிறோம்.

சின்னக் கோடு, பெரிய இடைவெளி:
முந்திக்கொள், வழி தெரிகிறது.
கோடு நீண்டு இடைவெளி குறுகினால்,
கடன் கேட்கப் போன வீட்டில்
"பார்க்கலாம்..." என்று இழுப்பார்களே, அது.
விடாத கோடு என்றால் இல்லை.
இரண்டும் ஒட்டி ஓடினால்
எனக்கு உண்டு, எதிரே வருகிறவனுக்கு இல்லை.
இத்தனை வருஷத்தில் ஒருவனும்
இறங்கி வந்து ஏன் என்று கேட்டதில்லை.

கேட்டவள் குன்வோர்.
ஏரியை ஒட்டிய மூன்றாம் வளைவில்
மீன் லாரியை நிறுத்திவிட்டு இறங்கினாள்.
"பாறை வரைக்கும் விட்டு விட்டுத்தான்,
வரைபடம் அப்படி" என்றான் தூர்கெய்ர்.
"என் சீட்டிலிருந்து எல்லாம் தெரியும்.
சின்னக் காரில் உட்கார்ந்து பாருங்க.
அங்கே ஒரு பள்ளம் இருக்கு,
முழுசா ஒரு காரை விழுங்கும்.
உங்க கோடு பொய் சொல்லுது."

வெள்ளி இரவுக்கு எந்த ஆபீஸ் போன் எடுக்கும்?
எண்பது மீட்டரை வெறுந்தாராக விட்டு
நாலு கூம்பு வைத்துவிட்டு வந்தோம்.

திங்களன்று எஞ்சினியர் எய்வின் வந்தார்,
தூண்டில்காரர்களின் மடக்கு ஸ்டூலோடு.
நடுரோட்டில் போட்டு உட்கார்ந்தார்.
காரோட்டியின் கண் உயரம் அதுதானாம்.
என் கையில் கழி, நுனியில் சிவப்புத் துணி.
கழியைவிட நான் உயரக் கூடாதாம்.
கூனிக்கொண்டே நடந்தேன்.
"தெரியுது" என்றார்.
"தெரியுது.
தெரியுது."
பிறகு சத்தமில்லை.

தார், வானம், ஒரு கடற்காகம்.
உயிரோடுதான் நின்றேன்,
பகல் வெளிச்சத்தில், சிவப்புத் துணியோடு.
ஆனாலும் நான் இல்லை.

ஸ்டூலின் காலடியில் சாக்பீஸால் கிழித்தார்.
விடாத மஞ்சள் அங்கே தொடங்குகிறது.

அக்டோபரில் என் காரில் அதே வழி.
மணிகள் முளைத்திருக்கின்றன.
பின்னால் ஒருவன்
விளக்கை அடித்து அடித்து அவசரப்படுத்துகிறான்.
கோடு நீள்கிறது, பார்க்கலாம், பார்க்கலாம்,
ஒட்டிக்கொண்டது.
வளைவு முடியும்வரை என் பின்னாலேயே வந்தான்.
திட்டிக்கொண்டுதான் வந்திருப்பான்.
பள்ளத்திலிருந்து ஏறி வந்தது
ஒரு சின்னக் கார்.
கடந்து போனது. அவ்வளவுதான்.

அடுத்த வாரம் பனி.
ஓரமாய்க் கழிகளை நட்டுக்கொண்டு போகிறது வேறொரு லாரி.
ஆறு மாதம் எந்தக் கோடும் கண்ணில் படாது.
பனி வாரும் இரும்பு பாதியைச் சுரண்டிவிடும்.
மே மாதம் மறுபடி கொதிக்க வைக்க வேண்டும்.