சமதளம், மூன்று கிலோமீட்டர்

சைக்கிள் ஓட்டலாம், ஏற்றம் மட்டும் கூடாது
என்றார் டாக்டர் ஷெரின்.
ஆலப்புழைக்காரர்.
குன்னூருக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது.
நான் சிரித்ததைப் பார்த்து
இன்னொரு முறை பிரஷர் எடுத்தார்.

நீலகிரியில் ஏற்றமில்லாத சாலை கேட்பது
முதல் ட்ரிப்பில் ஏறியவுடன்
ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டுவது மாதிரி.

இருபத்தாறு வருடம்
குன்னூருக்கும் மஞ்சூருக்கும் நடுவே
நின்றுகொண்டே போனவன் நான்.
தோல்பைக்குள் சில்லறை
இடப்பக்கம் சரிந்தால் காட்டேரி,
வலப்பக்கம் சரிந்தால் சேலாஸ்.
கண்ணை மூடிக்கொண்டு டிக்கெட் கிழிப்பேன்.
ஆனால் எது சமம் என்று
உடம்பு கேட்டு வைத்துக்கொள்ளவே இல்லை.
எஞ்சின்தானே ஏறியது.

மெடிக்கல் லீவில் மூன்று ஞாயிறு தேடினேன்.
பக்கத்து வீட்டு மெல்வின்
ஊரடங்கில் வாங்கி, பிறகு துணி காயப்போட்ட
கியர் சைக்கிளில்.
ரேஸ்கோர்ஸைச் சுற்றிச் சமம்தான்,
வீட்டுக்குத் திரும்பத்தான் ஏற்றம்.
எஸ்டேட் ரோடு ஒன்று பட்டுப்போல் போய்
பூட்டிய கேட்டில் முடிந்தது.
கேட்டுக்கு உள்ளே நாய்.
கடைசியில்
காலிச் சாக்குகளோடு டெம்போவில் ஏற்றிக்
கேத்தி பாலாடாவில் இறக்கினேன்.

அங்கே மலை கொஞ்சம் உட்கார்ந்திருக்கிறது.
இந்தப் பக்கம் கேரட், அந்தப் பக்கம் பூண்டு,
நடுவில் ஓடையும் சாலையும்
ஒன்றையொன்று முந்தாமல்.

முதல் நூறு மீட்டர்
நெஞ்சுக்குள் இருக்கும் ஸ்டென்ட்டைத்தான் ஓட்டினேன்.
பிறகு ஸ்பிரிங்ளர் தண்ணீர் வேலியைத் தாண்டி வந்து
ஒரு காலை மட்டும் நனைத்தது.
கேரட் கழுவும் மெஷினுக்கு முன்னால்
சாலையெல்லாம் செம்மண் நீர்.
திரும்பிப் பார்த்தேன்,
அதில் என் டயர் போட்ட கோடு
குடித்தவன் கையெழுத்து மாதிரி இருந்தது.
மண் போன கேரட்டுக்கு
மேகம் மூடிய நாளில் கூட
என்ன துணிச்சலான நிறம்.

பஸ்ஸில் போகும்போது இதெல்லாம் இருந்ததா?
இருந்திருக்கும்.
நான் அப்போது
"பாலாடா இறங்கு, பாலாடா இறங்கு" என்று
கத்திக்கொண்டிருந்தேன்.

வளைவில் ஒரு காட்டெருமை,
வெள்ளை சாக்ஸ் போட்ட
செக்கிங் இன்ஸ்பெக்டர் போலக்
குறுக்கே நின்றது.
பெல்லை அடிக்கவில்லை. ஒரு காலை ஊன்றினேன்.
டிரைவர் ஹாலனாயிருந்தால் ஹாரன் கொடுத்திருப்பார்,
அது நகர்ந்திருக்காது,
ட்ரிப் லேட் என்று எழுதியிருப்பார்கள்.
இன்றைக்கு எழுத யாருமில்லை.
அது மென்று முடிக்கும்வரை
மணிக்கட்டில் நாடி எண்ணினேன்.
எழுபத்திரண்டு.

சமதளம் முடிகிற இடத்தில்
போர்டு எதுவும் இல்லை,
பெடல்தான் சொன்னது.
இறங்கித் தள்ளினேன்.

பின்னால் வந்த பதினொன்றரை மணி வண்டி
பக்கத்தில் பெருமூச்சு விட்டு நின்றது.
என் வண்டிதான்.
ஜன்னலில் ஹாலன்:
"என்ன கண்டக்டரே, எப்படி ஓடுது?"

ஊரே சொல்கிற பதில்
யோசிப்பதற்குள் வந்துவிட்டது:
"ஏதோ தள்ளிக்கிட்டிருக்கேன்."

சொன்ன பிறகுதான்
ஹேண்டில்பாரைப் பிடித்திருந்த
என் இரண்டு கைகளையும் பார்த்தேன்.
அவரும் பார்த்தார்.
முன்சீட்டு முதல் பின்சீட்டு வரை
சிரிப்பு டிக்கெட் வாங்காமல் போனது.
எனக்குப் பதிலாக வந்திருக்கும் பெண்
வாயிலிருந்து விசிலை எடுத்துவிட்டு
"மேலே போடுங்கண்ணா, லக்கேஜ் சார்ஜ்தான்" என்றாள்.
எவ்வளவு என்று கேட்டேன்.
பழக்கம்.

வண்டி போனதும் சைக்கிளைத் திருப்பினேன்.
பெடலில் வெறுமனே கால் வைத்திருந்தேன்,
மிதிக்கவில்லை.
ஆனாலும் சக்கரம் சுற்றியது,
பூண்டுப் பாத்தி, மெஷின், செம்மண் நீர் என்று
மூன்று கிலோமீட்டரும்
தானாகவே ஓடியது.

அப்படியானால்
வரும்போது முழுக்க
நான் ஏறிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

டாக்டர் ஷெரினிடம்
சொல்லப்போவதில்லை.