படிவத்தில் மூன்று கோடுகள்

மண்டபத்துச் சாவி என்னிடம்தான்.
ஏழு மணிக்கே நாற்பது நாற்காலி விரித்தேன்.
மாநில அலுவலகத்திலிருந்து வந்த புவான் ரோஸ்னானி
ஐம்பது பொட்டலம் நாசி லெமாக் சொல்லியிருந்தார்.
வந்தவர்கள் நூற்றுப் பதினேழு பேர்.
பிள்ளைகளை நான் சேர்க்கவில்லை.

பெக்கான் கெனாரியில் பெரிதாக ஒன்றும் கிடையாது.
பெட்ரோல் நிலையம், இரண்டு அடகுக்கடை,
ஆலை மூடியபின்னும் போகாத பால்கட்டி நாற்றம்,
செம்பனை நடுவே வேல் துருப்பிடித்த முனியாண்டி.
மலையடிவாரத்து செமாய் மக்கள்
சந்தை நாளில் பெத்தாய் கொண்டுவருவார்கள்,
விலை பேசாமல் விற்றுவிட்டுப் போவார்கள்.
அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நோட்டு எடுக்கும் பையனுக்குக் காய்ச்சல்.
"தவமலர், உனக்கு எழுத வருமா?"
வரும் என்றேன்.

நில உடன்படிக்கை.
மேசையில் உங்கள் பக்கம் யார் உட்காருவது?
படிவத்தில் மூன்று கோடுகள், மூன்று பெயர்கள்,
மாலை ஐந்துக்குள்.

முதலில் எழுந்தவர் பாத்தின்.
"எனக்கு மாதம் பிறந்தால் ஆபீசிலிருந்து அலவன்ஸ்.
ஆபீஸ் ஊட்டுகிற வாயை வைத்துக்கொண்டு
ஆபீசிடம் நான் என்ன பேசுவது?"
சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.
ஒருவரும் சிரிக்கவில்லை, தடுக்கவும் இல்லை.

வா ரீனா என்ற பெண் எழுந்தாள், இடுப்பில் பேத்தியோ மகளோ.
"டுரியான் மரமெல்லாம் ஆற்றுக்கு மேலே.
கீழே இருக்கிறவர் விட்டுக்கொடுத்தால்
எரிவது அவர் வயிறு இல்லை."
ஈப்போவில் கையுறை ஆலைக்குப் போன பிள்ளைகள் கணக்கில் உண்டா,
சீனரைக் கட்டிக்கொண்டு போனவள் உண்டா,
படுக்கையில் கிடப்பவரிடம் யார் போய்க் கேட்பது.
பிறகு எடி என்ற பையன், காற்பந்துச் சட்டையில்:
"போனவர் தப்பாகப் பேசினால்
திரும்பக் கூப்பிட எந்தக் கோடு?"

புவான் ரோஸ்னானி படிவத்தைத் திருப்பிப் பார்த்தார்.
பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

என் பேனா அங்கே நின்றுவிட்டது.
தோட்டம் கைமாறிய வருஷம்
எங்களுக்காக ஒருவர் கோலாலம்பூர் ஹோட்டலில் கையெழுத்துப் போட்டார்.
கெட்டவர் இல்லை. என் கல்யாணத்துக்கு மொய் எழுதியவர்.
லயத்து வாசலில் லோரி வந்து நின்றபோதுதான்
எங்களுக்குச் சேதி தெரியும்.
அந்தத் தாளை ஒருநாள் பார்த்தேன்:
அவர் பெயர், அப்புறம் "மற்றும் பலர்."
அந்தப் பலரில் என் அம்மா ஒருத்தி,
முப்பத்தொரு வருஷம் பால் வெட்டியவள்.

இப்படி எடி மாதிரி யாரும் கேட்கவில்லையே
என்று நான் பொருமிக்கொண்டிருக்கும்போதே
வா ரீனா என் காலடித் தரையைக் காட்டினாள்.
இந்த மண்டபம் நிற்கும் இடத்துக்கு ஒரு பெயர் உண்டாம்.
சொன்னாள். தொண்டையில் ஒரு முடிச்சோடு முடியும் பெயர்.
மூன்று தரம் எழுதினேன், மூன்றும் வேறு வேறாய்.
பதினொன்றாம் நம்பர் காட்டைத் திருத்திய கும்பலில்
என் பாட்டன் கத்தியும் இருந்தது.
வீட்டில் அதைப் பெருமையாகச் சொல்வோம்.
அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை.
எழுத்து சரியா என்று மட்டும் எட்டிப் பார்த்தாள்.

"அது இன்றைய நிரலில் இல்லை" என்றார் அதிகாரி,
கொஞ்சம் தயங்கித்தான்.

ஐந்து மணிக்குப் படிவத்தை அவர்களே எடுத்துக்கொண்டார்கள்.
டுரியான் விழுந்து முடியட்டும்,
ஒவ்வொரு ஆற்று வளைவிலும் பேசிவிட்டு வருகிறோம்.
"அறிக்கையில் நான் என்ன எழுத?" என்றார் புவான் ரோஸ்னானி,
என்னைக் கேட்டாரா, தன்னையா, தெரியவில்லை.
மீந்த பொட்டலம் ஒன்றும் இல்லை.

நாற்காலி மடக்கினேன். முப்பத்தொன்பது.
இன்னொன்று பேருந்து நிறுத்தத்தில் கிடந்தது.
அதில் யாரும் உட்காரவில்லை.
பத்துப் பேர் அதைச் சுற்றி நின்று
அவர்கள் மொழியில் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.
கேட்டு வாங்கத்தான் போனேன்.
ஒரு சொல்லும் விளங்காமல் கேட்டுக்கொண்டு நின்றேன்,
கொசு கடிக்கத் தொடங்கும் வரை.